காகிதக் கணக்கும் கூலிக் கணக்கும்

சென்ற மாதம் ஒரு காகித ஆலை வாசலில் கூட்டம். பகல் ஷிப்டு முடிந்து வந்த தோழர்கள் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்று கேட்டார்கள். பேச்சு முடிந்ததும், கூழ்ப் பிரிவில் இருபது வருஷமாக வேலை செய்கிற ஒரு மூத்த தொழிலாளி என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்.

"தோழர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே கம்பெனி போட்டதுதான். ஒண்ணுல மார்க்கெட் விழுந்துபோச்சுன்னு இருக்கு. இன்னொண்ணுல மார்க்கெட் வளருதுன்னு இருக்கு. எதுங்க நெசம்?"

முதல் தாள், ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீசின் நகல். ஆபீஸ்களில் அச்சடிக்கும் காகிதத்துக்குக் கிராக்கி சரிந்துவிட்டது. ஆகவே கூலி உயர்வுப் பேச்சை இப்போது எடுக்க இயலாது. ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டியிருக்கிறது என்றது அது. இரண்டாவது தாள், பங்குதாரர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு பக்கம். ஆபீஸ் காகித மார்க்கெட் சென்ற வருஷத்தைவிட நன்றாக வளர்ந்துள்ளது, வருங்காலம் ஒளி பொருந்தியது என்றது இது. இரண்டு தாளும் அவர் கூழ் காய்ச்சிக் கொடுத்த காகிதமாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அங்கே நின்றபடி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து நாலு இரவு உட்கார்ந்தேன். நான் பத்தாவது தேறியவன். பொருளாதாரப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் இந்தக் கணக்குக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பே தாராளம் என்று கண்டுகொண்டேன். அதை எல்லாத் தோழர்களுக்கும் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரு தாளின் எடை

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். தாலுகா ஆபீசிலும், ஜெராக்ஸ் கடையிலும், நமது சங்க அலுவலகத்திலும் புழங்குகிற தாளுக்கு ஏ-4 என்று பெயர். இந்த அளவு முறை 1922ஆம் வருஷம் ஜெர்மனியில் வகுக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் காகிதத்தைப் பாதி, அதில் பாதி என்று நாலு முறை மடித்து வெட்டினால் பதினாறு ஏ-4 தாள் கிடைக்கும். கட்டின் மேல் 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் காகிதம் 80 கிராம் எடை என்று அர்த்தம். அதைப் பதினாறால் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. ஒரு டன்னுக்கு 400 ரீம், அதாவது இரண்டு லட்சம் தாள்.

வருஷத்துக்கு ஒரு லட்சம் டன் செய்கிற ஆலை, எல்லாவற்றையும் இந்தத் தாளாகவே வெட்டினால் 2000 கோடித் தாள் வரும். இந்தியாவில் உள்ள ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உள்பட, பதினான்கு தாள் கொடுக்கலாம். இப்படி மலைபோல் குவிகிற சரக்கை யார் வாங்குவார்கள், எத்தனை வாங்குவார்கள், அடுத்த வருஷம் கூடுமா குறையுமா என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் மார்க்கெட் ஆராய்ச்சி. இந்த வேலையையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் உலகெங்கும் இருக்கின்றன. ஒரு அறிக்கையை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். முதலாளி அதை வாங்கிப் படிக்கிறார். அதை வைத்து நமது வேலை இருக்குமா போகுமா என்று தீர்மானிக்கிறார். நாம் அதன் அட்டையைக்கூடப் பார்ப்பதில்லை.

அளக்கிற படி

எப்படி அளக்கிறார்கள்? வழி எளியதுதான். நாட்டில் உற்பத்தியான காகிதத்தை எடுத்துக்கொள். வெளிநாட்டிலிருந்து வந்ததைக் கூட்டு. வெளிநாட்டுக்குப் போனதைக் கழி. கிடங்குகளில் தேங்கிய சரக்கைச் சரிக்கட்டு. மீதி நிற்பது அந்த வருஷம் நாடு செலவழித்த காகிதம். உதாரணமாக, உற்பத்தி 100, இறக்குமதி 20, ஏற்றுமதி 15 என்றால், செலவழிந்தது 105. அதுவே மார்க்கெட்டின் அளவு. போன வருஷக் கணக்கோடு இதை ஒப்பிட்டால் வளர்ச்சி விகிதம் வந்துவிடுகிறது.

படி சரியான படிதான். அளக்கிற கைதான் சந்தேகம். களத்துமேட்டில் கூலி நெல் அளந்து வாங்கிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்கால் ஒன்றுதான், வாங்கும்போது குவித்து அளப்பார்கள், கொடுக்கும்போது தலை வழித்து அளப்பார்கள். காகித மார்க்கெட்டிலும் அந்தக் கைவரிசை இருக்கிறது. மூன்று வகையைச் சொல்கிறேன்.

முதலாவது, டன் கணக்கா, ரூபாய்க் கணக்கா என்பது. சென்ற வருஷம் ஒரு ஆலை 100 டன் காகிதத்தை, டன் 60,000 ரூபாய் வீதம் விற்றது என்று வைத்துக்கொள்வோம். வரவு 60 லட்சம். இந்த வருஷம் அதே 100 டன், விலை மட்டும் 75,000. வரவு 75 லட்சம். ரூபாயில் பார்த்தால் மார்க்கெட் 25 சதவிகிதம் வளர்ந்துவிட்டது! ஒரு தாளாவது அதிகம் உற்பத்தியானதா? இல்லை. ஒரு தொழிலாளிக்காவது கூடுதலாக வேலை கிடைத்ததா? இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் நோட்டு விலை ஏறியது. அதற்குப் பெயர் வளர்ச்சி. 2022ஆம் வருஷம் காகித விலை விண்ணை முட்டியபோது புத்தகம் போடுகிறவர்களும் சிறு அச்சகக்காரர்களும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இரண்டாவது, எந்த வருஷத்தோடு ஒப்பிடுவது என்பது. எனது மூத்த தோழரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. ஒரு உதாரணம் போடுகிறேன். 2019இல் ஒரு ஆலையின் விற்பனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் கொரோனா வந்து ஆபீஸ்களும் பள்ளிகளும் பூட்டிக் கிடந்தன, விற்பனை 70. மறு வருஷம் கொஞ்சம் தெளிந்து 84. இப்போது நோட்டீஸ் எழுதுகிற கை 84ஐ 100 உடன் ஒப்பிட்டு, "16 சதவிகிதம் வீழ்ச்சி" என்று எழுதும். அறிக்கை எழுதுகிற கை அதே 84ஐ 70 உடன் ஒப்பிட்டு, "20 சதவிகிதம் வளர்ச்சி" என்று எழுதும். இரண்டிலும் பொய் கிடையாது. ஆனால் கூலி கேட்கிறவனிடம் ஒரு வருஷத்தையும், பணம் போடுகிறவனிடம் இன்னொரு வருஷத்தையும் காட்டுகிறார்களே, அதில்தான் சூது இருக்கிறது.

மூன்றாவது, எந்தக் காகிதம் என்பது. உலகில் வருஷத்துக்கு 40 கோடி டன்னுக்கு மேல் காகிதமும் அட்டையும் உற்பத்தியாகிறது. அதில் பாதிக்கு மேல் சரக்குக் கட்டுகிற அட்டையும் பெட்டிக் காகிதமும். பத்திரிகைக் காகிதம் வேறு, எழுதும் காகிதம் வேறு, ஆபீஸ் அச்சுத் தாள் வேறு. ஆன்லைன் வியாபாரம் பெருகி அட்டைப் பெட்டிக்குக் கிராக்கி ஏறினால், "காகிதத் தொழில் வளர்கிறது" என்பார்கள். அதே வருஷம் ஆபீஸ் தாள் குறைந்திருக்கக் கூடும். பொத்தாம்பொதுவாகக் காகிதம் என்று சொன்னால், எந்த மெஷினில் ஓடுகிற காகிதம் என்று நாம் கேட்க வேண்டும்.

கடல் கடந்த கதை

இனி உலகத்தைப் பார்ப்போம். நகல் எடுக்கும் வித்தையை அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938இல் செய்து காட்டினார். ஜெராக்ஸ் கம்பெனியின் 914 என்ற யந்திரம் 1959இல் வெளிவந்தது. பட்டனை அழுத்தினால் சாதாரணத் தாளில் நகல் வந்தது. அதன் பின் கம்ப்யூட்டர் வந்தது. இனி ஆபீசில் காகிதமே இருக்காது என்று 1970களிலேயே ஆரூடம் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு மேஜையிலும் அச்சு யந்திரம் ஏறி உட்கார்ந்தது; ஆபீஸ் தாளின் செலவு முப்பது வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. பெரிய பெரிய மேதாவிகளின் கணிப்பே இப்படிக் கவிழ்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் 2000க்குப் பின் மேலை நாடுகளில் காற்று திரும்பியது. கடிதம், பில், ரசீது, பாரம் எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கும் கைபேசிக்கும் போயின. 2008இன் பொருளாதார நெருக்கடி ஒரு அடி, 2020இன் கொரோனா இன்னொரு அடி. ஆரூடம் பலிக்கத் தாமதமாயிற்றே தவிர, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைசியில் பலித்தே விட்டது.

அதன் விலையை யார் கொடுத்தார்கள்? அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தில் கோர்ட்லாண்ட் என்ற ஊரில் இன்டர்நேஷனல் பேப்பர் கம்பெனியின் பெரிய ஆலை இருந்தது. அச்சுக் காகிதமே அதன் பிரதான சரக்கு. 2013 செப்டம்பரில், கிராக்கி குறைந்துவிட்டது என்று சொல்லி ஆலையை மூடப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. சுமார் 1,100 பேருக்கு வேலை போயிற்று. பின்லாந்தில் கெமி நகரத்தருகே வைட்சிலுவாட்டோ ஆலை. ஸ்டோரா என்சோ என்ற கம்பெனியுடையது. ஆபீஸ் காகிதம் செய்தது. 2021 ஏப்ரலில் அறிவிப்பு, செப்டம்பரில் பூட்டு. சுமார் 670 பேர் வெளியே. ஆறு மாதம்கூட இல்லை, தோழர்களே! மார்க்கெட் தேய்வது பல வருஷமாகக் கம்பெனிக்குத் தெரியும். தொழிலாளிக்கு மட்டும் ஐந்து மாதத்துக்கு முன்தான் தெரியும்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. அலபாமாவில் பூட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2011இல், அதே இன்டர்நேஷனல் பேப்பர் கம்பெனி கோதாவரிக் கரைக்கு வந்து, ராஜமகேந்திரவரத்திலுள்ள ஆந்திரப் பிரதேச பேப்பர் மில்லில் 75 சதவிகிதப் பங்கை வாங்கியது. அங்கே தேய்கிறது, இங்கே வளர்கிறது என்பது கணக்கு. எட்டு வருஷம் கழித்து, 2019இல், மில்லின் அதிகாரத்தை வெஸ்ட் கோஸ்ட் பேப்பர் மில்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டது. மூலதனத்துக்குக் கால் உண்டு; கடல் தாண்டி வரும், கடல் தாண்டிப் போகும். அலபாமாத் தொழிலாளியும் ஆந்திரத் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இருவருடைய பிழைப்பும் ஒரே அறிக்கையின் இரண்டு பத்திகளாக இருந்தன.

வளர்கிற மார்க்கெட்டில் மூடிய ஆலைகள்

"அதெல்லாம் மேல்நாட்டுக் கதை, இந்தியாவில் மார்க்கெட் வளர்கிறது, நமக்கு ஆபத்து இல்லை" என்று சில நண்பர்கள் நினைக்கலாம். அவர்கள் அஸ்ஸாமைப் பார்க்கட்டும்.

மத்திய சர்க்காருக்குச் சொந்தமான ஹிந்துஸ்தான் பேப்பர் கார்ப்பரேஷனுக்கு அஸ்ஸாமில் இரண்டு ஆலைகள். ஜாகிரோடில் ஒன்று, பாஞ்ச்கிராமில் ஒன்று. மூங்கிலைக் கூழாக்கி எழுதும் காகிதமும் அச்சுக் காகிதமும் செய்தன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு லட்சம் டன் செய்யும் சக்தி கொண்டது. பாஞ்ச்கிராம் ஆலை 2015 அக்டோபரில் நின்றது. ஜாகிரோடு ஆலை 2017 மார்ச்சில் நின்றது. இந்தியாவில் காகிதச் செலவு கூடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை! மார்க்கெட் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூங்கில் வரத்திலும் நிலக்கரி வரத்திலும் சிரமம் இருந்தது, உண்மை. ஆனால் சிரமத்தைத் தீர்க்க முதல் போடுவாரில்லை. மாதக் கணக்கில், பிறகு வருஷக் கணக்கில் சம்பளம் நின்றது. வைத்தியத்துக்கு வழியில்லாமலும் மனமுடைந்தும் பலர் மாண்டதாகச் சங்கங்கள் முறையிட்டன. 2019 மே மாதம் கார்ப்பரேஷனையே கலைத்து விற்க உத்தரவாயிற்று. மூங்கில் வெட்டி விற்றுப் பிழைத்த மலைக் கிராமத்து ஏழைகளின் அடுப்பும் அதோடு அணைந்தது.

அதே காலத்தில் நமது துறைமுகங்களில் என்ன நடந்தது? தென்கிழக்காசிய நாடுகளோடு செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2010இல் அமலுக்கு வந்தது. 2014 முதல் அந்த நாடுகளிலிருந்து வரும் காகிதத்துக்கு அநேகமாகச் சுங்க வரியே இல்லை என்றாயிற்று. இந்தோனேசியாவிலிருந்து நகல் தாள் கப்பல் கப்பலாக வந்தது. அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று உள்நாட்டு ஆலைகள் புகார் செய்ததன் பேரில் விசாரணை நடந்து, 2018இல் தண்ட வரி போடப்பட்டது. காகித இறக்குமதியை முன்கூட்டிப் பதிவு செய்யும் ஏற்பாடு 2022 அக்டோபரில்தான் வந்தது. மார்க்கெட் வளர்ந்தது, அந்த வளர்ச்சியில் கப்பலுக்குப் பங்கு கிடைத்தது, ஜாகிரோடு தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

இதோடு கேரளத்தையும் வைத்துப் பாருங்கள். அதே கார்ப்பரேஷனின் துணைக் கம்பெனி கோட்டயம் ஜில்லாவில் வெள்ளூரில் இருந்தது. பத்திரிகைக் காகிதம் செய்தது. அதுவும் நின்றுபோயிற்று, ஏலத்துக்கு வந்தது. கேரள சர்க்கார் அதைத் தன் கையில் எடுத்து, புதிய பெயரில் 2022இல் மறுபடி ஓட வைத்தது. அங்கே எல்லாத் துன்பமும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பத்திரிகைக் காகிதத்தின் மார்க்கெட் ஆபீஸ் காகிதத்தைவிட மோசம் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் அந்தக் கதவு திறந்தது. வளர்கிற மார்க்கெட்டில் மூடியதும், தேய்கிற மார்க்கெட்டில் திறந்ததும் நம் கண்முன் நடந்தவை. ஆலையின் தலையெழுத்தை மார்க்கெட் கணக்கு மட்டும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முடிவு செய்கிறவர்களே எழுதுகிறார்கள்.

வயல் வரை நீளும் கணக்கு

"இது காகித ஆலைக்காரர்கள் விவகாரம், கரும்பு வெட்டுகிற எனக்கு என்ன?" என்று விவசாயத் தொழிலாளித் தோழர் நினைக்க வேண்டாம். காகிதம் ஆலையில் பிறப்பதில்லை, வயலில் பிறக்கிறது.

கரூர் ஜில்லாவில் காகிதபுரத்தில் இருக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் ராஜ்ய சர்க்கார் 1979இல் தொடங்கியது. 1984இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அதன் மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துக் கொதிகலன் ஓட்டி வந்தன. சக்கையைக் கொடு, அதற்குப் பதில் எரிபொருள் தருகிறேன் என்று ஒப்பந்தம் செய்து, எரிகிற சக்கையைக் காகிதமாக்கினார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டிய காரியம். சக்கை போதாத இடத்தில் சவுக்கும் தைலமரமும் வந்தன. ஆகவே ஆபீசில் ஒரு தாள் குறைந்தால், எங்கோ ஒரு சவுக்குத் தோப்பில் வெட்டுக் கூலி குறைகிறது. எங்கோ ஒரு வயலில் கரும்பு குறைந்தால், ஆலையில் சக்கை குறைகிறது. 2017இன் கொடிய வறட்சியில் காவிரியில் தண்ணீர் இல்லாமல் காகிதபுரத்தில் உற்பத்தியே தடைப்பட்டது. மார்க்கெட் இருந்தது, யந்திரம் இருந்தது, ஆள் இருந்தார்கள், ஆறு வறண்டு கிடந்தது. மார்க்கெட் அறிக்கையில் கிராக்கிக்கு ஒரு அத்தியாயம் உண்டு. கரும்பு வெட்டுகிறவனின் கூலிக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் எத்தனை வரி உண்டு?

இன்னும் ஒன்று. இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 15 கிலோ காகிதம்தான் செலவாகிறது. உலகச் சராசரி 50 கிலோவுக்கு மேல். இதைக் காட்டி, "வளர்ச்சிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்" என்று நாக்கில் எச்சில் ஊற எழுதுகிறார்கள். சராசரி என்பது பெரிய போர்வை. அதற்குள் யார் கால் வெளியே நீண்டு குளிரில் நடுங்குகிறது என்று தெரியாது. ஒரு கம்பெனியின் தலைமை ஆபீசில் ஒரு நாளில் குப்பைக்குப் போகிற தாளும், கூலிக்காரன் பிள்ளை ஒரு வருஷம் எழுதுகிற நோட்டும் இந்தச் சராசரிக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. பணம் கொடுத்து வாங்குகிறவனின் ஆசை மார்க்கெட்டில் சேரும். நோட்டு வாங்கக் காசில்லாத பிள்ளையின் தேவை மார்க்கெட்டில் சேராது. அந்தப் பிள்ளையின் தகப்பன் கூலி உயர்ந்தால், அன்றைக்கே அது மார்க்கெட் ஆகிவிடும். எந்த அறிக்கையாவது இதை எழுதியிருக்கிறதா?

கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது

இங்கே நமது தரப்பையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். "கிராக்கி குறைகிறது என்பது முழுப் பொய், முதலாளியின் புளுகு" என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது சரியல்ல. சர்க்கார் ஆபீஸ்களிலேயே கோப்புகள் கம்ப்யூட்டருக்கு மாறி வருகின்றன. பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு எல்லாம் கைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. மேல்நாட்டில் அடித்த காற்று இங்கே அடிக்கவே அடிக்காது என்று எந்தத் தொழிலாளியும் நம்பி ஏமாறக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளும் பரீட்சைகளும் இருக்கும் வரை இங்கே எழுதும் காகிதத்துக்கு உயிர் உண்டு. ஆபீஸ் தாளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. காகிதம் வீணாகாமல் மிஞ்சினால் அதுவும் நல்லதுதான். தாளைக் கிழித்துப் போட்டு நமது வேலையைக் காப்பாற்றச் சொல்லி நாம் யாரிடமும் கேட்கவில்லை.

நாம் கேட்பது வேறு. ஒரு காகித யந்திரத்தின் ஆயுள் முப்பது, நாற்பது வருஷம். பத்து வருஷத்துக்குப் பின் அதில் என்ன ஓட்டுவது என்று இன்றே தீர்மானிக்க வேண்டும். ஆபீஸ் தாள் குறையும் என்று தெரிந்தால், அட்டைக்கோ வேறு சரக்கிற்கோ யந்திரத்தை மாற்றத் திட்டமிடலாம். அதே ஆட்களுக்கு அந்த வேலையைப் பழக்கலாம். இது நடக்காத காரியமில்லை. காகிதபுரம் நிறுவனமே திருச்சி ஜில்லாவில் மொண்டிப்பட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் டன் அட்டை செய்யும் இரண்டாவது ஆலையை 2016இல் ஓட வைத்தது. ஒரு சரக்கை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி. கெட்டுப்போவதற்கு முன்னால் மாற்றுவதா, கெட்டுப்போன பின் பூட்டுவதா? முன்னதற்கு முதலும் யோசனையும் வேண்டும். பின்னதற்கு ஒரு பூட்டும் ஒரு நோட்டீசும் போதும். ஆகவே பின்னதைத்தான் அவர்கள் சுலபமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என்ன செய்வது?

ஆலைவாசல் தோழருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் எனது யோசனை இதுதான். "மார்க்கெட்" என்ற வார்த்தையை நிர்வாகம் உச்சரித்ததும் நாம் வாயடைத்துப் போய்விடக் கூடாது. ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். உங்கள் கணக்கு டன்னிலா, ரூபாயிலா? எந்த வருஷத்தோடு ஒப்பிடுகிறீர்கள்? எந்த ரகக் காகிதம்? இறக்குமதி அதில் எவ்வளவு? இந்தக் கணக்கை யார் பணம் கொடுத்து யாரிடம் வாங்கினீர்கள்?

பதில்களில் பெரும்பகுதி ரகசியமும் அல்ல. பங்கு விற்கிற கம்பெனி ஒவ்வொன்றும் வருஷா வருஷம் அறிக்கை வெளியிட வேண்டும் என்பது சட்டம். எத்தனை டன் உற்பத்தி, எவ்வளவு விற்பனை, எவ்வளவு லாபம், தொழிலாளர் சம்பளத்துக்கு எவ்வளவு, டைரக்டர்களுக்கு எவ்வளவு என்ற விவரங்களை அதிலும் அதைச் சேர்ந்த கணக்குகளிலும் தேடி எடுக்கலாம். இங்கிலீஷில் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். காலேஜில் படிக்கிற நமது பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வோம். ஒவ்வொரு சங்கமும் இரண்டு தோழர்களை இதற்கென்றே நியமித்து, ஐந்து வருஷக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். பேச்சுவார்த்தை மேஜைக்கு அந்த நோட்டோடு போகட்டும்.

சர்க்காரிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. காகித உற்பத்தி, இறக்குமதி, கையிருப்பு விவரங்களை ரகவாரியாக மாதாமாதம் தமிழில் வெளியிட வேண்டும். ஆலையில் யந்திரம் நிறுத்துவது, சரக்கு மாற்றுவது பற்றி ஒரு வருஷம் முன்பே சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். சக்கையும் சவுக்கும் தருகிற விவசாயிக்கு நியாய விலையும், வெட்டுகிறவனுக்கு நியாயக் கூலியும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அந்த மூத்த தோழரை நேற்று மறுபடி பார்த்தேன். நூறு, எழுபது, எண்பத்து நாலு என்ற கணக்கை டீக்கடை பெஞ்சில், டீ சுற்றிக் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போ ரெண்டு தாளுமே நெசந்தான். எங்களுக்கு ஒண்ணைக் காட்டுறாங்க, அவுங்களுக்கு ஒண்ணைக் காட்டுறாங்க. அடுத்த பேச்சுவார்த்தைக்கு ரெண்டையும் மேஜை மேல வெச்சுருவோம், தோழர்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். இரண்டு தாளையும் மேஜை மேல் வைப்போம். அதன் பின் பேசுவோம்.